நான்காவது சுவர் இல்லாத அறை: கோடை விடுமுறைக்குக் கரீபியன் ரிசார்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?

கரீபியன் தீவுகளில் ஒரு வகை ரிசார்ட் இருக்கிறது. அறைக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் கண்ணாடிகூட இல்லாமல் திறந்தே கிடக்கும். கட்டிலில் படுத்தபடி கடலைப் பார்க்கலாம். மழை வருவதற்கு முன்பே மண்வாசனை வந்துவிடும். அறையை ஒட்டிச் சின்னதாக ஒரு நீச்சல் குளம் இருக்கும், அதன் விளிம்பு முடிகிற இடமும் கடல் தொடங்குகிற இடமும் கண்ணுக்குப் பிடிபடாது. படத்தைப் பார்த்ததுமே போக வேண்டும் என்று தோன்றும்.

எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. படத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டினோம். போன இடம் தீவின் கிழக்குக் கரை, போனது ஆகஸ்ட் கடைசி. கரை முழுக்கப் பழுப்பு நிறக் கடற்பாசி ஒதுங்கி, அழுகின முட்டை நாற்றம் அறைவரை வந்தது. இரண்டாம் நாள் இரவு காற்றோடு அடித்த மழை நேராகக் கட்டிலுக்கே வந்தது. நானும் மனைவியும் மெத்தையைப் பின்சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, பெட்டிகளை அதன் மேல் ஏற்றி வைத்து, விடியும்வரை உட்கார்ந்தே இருந்தோம். வேலை செய்தவர்கள் தங்கமானவர்கள், அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடமும் மாதமும்தான் தப்பு.

அதற்கப்புறம் போன பயணங்கள் எல்லாம் நன்றாக அமைந்தன. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப் பழகிக்கொண்டதுதான் காரணம். சுவரும் ஏசியும் இல்லாத அறையில் உங்களைத் தூங்க வைப்பது காற்று, நனைய வைப்பதும் அதே காற்று. புதிதாகப் போகிறவர்கள் என்னைப் போல முதல் பயணத்தைத் தொலைக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படி 1: காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு நம் மொழியில் கொண்டல் என்று பெயர். கரீபியனில் ஆண்டு முழுக்க வீசுவது கிட்டத்தட்ட அந்தக் கொண்டல்தான். அட்லாண்டிக்கைத் தாண்டி, கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஓயாமல் வரும். அரூபா தீவில் டிவி டிவி என்று ஒரு மரம் உண்டு. காற்று தள்ளித் தள்ளியே அது தென்மேற்குப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கும். திசைகாட்டி இல்லாமலே திசை சொல்லிவிடலாம்.

சென்னையும் பார்படோஸும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, வடக்கே 13 பாகை. ஆனால் ஜூன் மாதச் சென்னை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பார்படோஸில் அதே ஜூனில் பகல் வெப்பம் 31 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். சுற்றிலும் கடல், மேலே இந்தக் காற்று. ஏசி இல்லாமலே ஒரு ரிசார்ட் நடத்த முடிவதற்கு அதுதான் ஆதாரம்.

ஆகவே ஒவ்வொரு தீவுக்கும் இரண்டு முகம். கிழக்கு முகம் காற்றை நேராக வாங்கும். அலை பெரிதாக இருக்கும், மழைச்சாரலும் உப்பும் அறைக்குள் வரும். சர்காசம் என்ற அந்தப் பழுப்புக் கடற்பாசியும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் ஒதுங்கும். 2011 முதல் அநேகமாக ஒவ்வொரு கோடையிலும் இது பெரும் தொல்லையாகிவிட்டது. மேற்கு முகத்தை மலை மறைத்துக்கொள்ளும். கடல் அமைதியாக, குளம் போல இருக்கும். ஆனால் மலைக்கு அடியில் ஒரேயடியாகப் பதுங்கிய இடமாக இருந்தால் காற்றே வராது, இரவில் புழுங்கும்.

நான் கண்டுபிடித்த சூத்திரம் இதுதான்: மேற்குக் கரை, ஆனால் உயரமான இடம். சாரல் அடிக்காது, காற்று மட்டும் வரும்.

படி 2: மாதத்தை முடிவு செய்யுங்கள்

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். 2017-ல் பார்புடாவை இர்மா புயல் நொறுக்கியதும், டொமினிக்காவை மரியா நொறுக்கியதும் அந்தச் செப்டம்பரில்தான். ஜூன், ஜூலையில் ஆபத்து குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த காரியக்கூ தீவில் கரையேறி, வீடுகளைத் தரைமட்டமாக்கியது.

காற்றுக் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. ஜூன், ஜூலையில் கொண்டல் நன்றாக வீசும். ஆகஸ்ட் நடுவுக்கு மேல் தளர்ந்து, செப்டம்பரில் பல நாள் இலைகூட அசையாது. அப்படிப்பட்ட இரவில் மூன்று சுவர் அறையில் மின்விசிறி மட்டும் வைத்துக்கொண்டு தூங்குவது கஷ்டம். செப்டம்பர், அக்டோபரில் பல ரிசார்ட்டுகள் பராமரிப்புக்காக மூடியே கிடக்கும்.

என்னைக் கேட்டால் ஜூன் மூன்றாவது வாரம் முதல் ஜூலை நடுவரை. குளிர்காலக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் நன்றாகவே குறைந்திருக்கும்.

முன்பணம் கட்டிய கையோடு பயண இன்சூரன்ஸும் எடுத்துவிடுங்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால், அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்கு அது செல்லாது. இதைத் தெரியாமல் கடைசி வாரத்தில் எடுத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து மயாமியில் உள்ள தேசியப் புயல் மையத்தின் தளத்தைத் தினம் ஒரு தடவை பாருங்கள். அடுத்த ஏழு நாளுக்கு அட்லாண்டிக்கில் எங்கே என்ன உருவாகலாம் என்று வரைபடமாகவே போட்டிருப்பார்கள்.

படி 3: தீவு

புயல் பயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்றால் அரூபா, பொனேர், குராசோ மூன்றும் உண்டு. வெனிசுவேலாக் கரையை ஒட்டித் தெற்கே இருப்பதால் புயல் பாதை பெரும்பாலும் அவற்றைத் தொடாது. ஆனால் அவை வறண்ட தீவுகள், கள்ளிச்செடி நிலம். காட்டுக்குள் தொங்கும் அறை மாதிரி அனுபவம் அங்கே கிடைக்காது.

அந்த அனுபவத்துக்கு நான் சொல்வது செயின்ட் லூசியா, அதிலும் தென்மேற்கு மூலையில் உள்ள சூஃப்ரியேர். பெட்டி பிட்டன், குரோ பிட்டன் என்று கடலிலிருந்து நேராக எழும் இரண்டு எரிமலைச் சிகரங்கள் அங்கே இருக்கின்றன. இரண்டுமே 700 மீட்டருக்கு மேல். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த மலைகளைப் பார்த்தபடிதான் திறந்த அறைகளைக் கட்டியிருக்கிறார்கள்.

ஜேட் மவுண்டன் என்ற ரிசார்ட் 2006-ல் திறந்தது, நிக் ட்ரூபெட்ஸ்காய் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. ஒவ்வொரு அறைக்கும் தனிப் பாலம், பெரும்பாலானவற்றில் அறைக்குள்ளேயே குளம், நான்காவது சுவர் கிடையாது. டிவி, தொலைபேசி எதுவும் இல்லை, பெரும்பாலான அறைகளில் ஏசியும் இல்லை. கோடையில்கூட ஓர் இரவுக்கு ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். அதே மலைச்சரிவில் கீழே ஆன்ஸ் சாஸ்டனே, அங்கேயும் திறந்த அறைகள் உண்டு. விலை குறைவு, கடற்கரையும் பக்கம். லடேரா என்பது இன்னொன்று. கடலுக்கு மேலே சுமார் 1000 அடியில், மலை முகட்டில் உட்கார்ந்திருக்கிறது. காற்றுக்கு அதைவிட நல்ல இடம் சொல்வது கஷ்டம், ஆனால் காலடியில் கடற்கரை கிடையாது, வண்டியில் இறங்கிப் போக வேண்டும். தினமும் மணலில் கால் வைக்காமல் முடியாது என்பவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் லூசியாவில் இரண்டு விமான நிலையங்கள். தொலைதூர வெளிநாட்டு விமானங்கள் இறங்குவது தெற்கே உள்ள ஹெவனோராவில். அங்கிருந்து சூஃப்ரியேருக்கு ஒரு மணி நேரம், வழி முழுக்க வளைவுகள். காரில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து அமெரிக்கா வழியாகப் போவதாக இருந்தால், விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அமெரிக்க விசா தேவை.

படி 4: அறை எந்தத் திசையைப் பார்க்கிறது?

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இது. ஒரே ரிசார்ட்டில், ஒரே விலையில், இரண்டு அறைகள் இரண்டு உலகமாக இருக்கும்.

வரைபடச் செயலியில் ரிசார்ட்டைச் செயற்கைக்கோள் படமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மலை எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம், அறைகள் எதைப் பார்த்து நிற்கின்றன என்பது தெரிந்துவிடும்.

இப்போது சூரியனைக் கணக்கில் எடுங்கள். செயின்ட் லூசியா இருக்கும் அட்சரேகையில் ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் தலைக்கு மேல் சற்று வடக்கே சாய்ந்தே போகும். அதனால் ஜூன், ஜூலையில் தெற்கு பார்த்துத் திறந்த அறைக்குள் உச்சி வெயில் நுழையாது. தென்மேற்கு பார்த்தால் பிட்டன் மலைகளும் தெரியும், சாயங்கால வெயிலும் முழுசாக முகத்தில் அடிக்காது. ஜூனில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, வடக்குப் பக்கம் 24 பாகை தள்ளி மறைகிறது. நேர் மேற்கும் வடமேற்கும் பார்த்த அறையில் சூரியாஸ்தமனம் அருமையாகத் தெரியும், ஆனால் மூன்று மணி முதல் ஆறரை வரை வெயிலும் உள்ளேயே இருக்கும்.

கட்டில் திறந்த விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், கூரை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். ரிசார்ட் போட்ட படத்தில் இது தெரியாது, விருந்தினர்கள் எடுத்த படத்தில் தெரியும். விமர்சனங்களில் ஜூன், ஜூலையில் எழுதியதை மட்டும் பிரித்து, கொசு, மழை, புழுக்கம், படிக்கட்டு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். ஜனவரியில் போனவர் கொடுத்த ஐந்து நட்சத்திரம் உங்களுக்கு எதையும் சொல்லாது.

படி 5: பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல்

நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. புயல் எச்சரிக்கை வந்தால் விருந்தினர்களை எங்கே தங்க வைப்பீர்கள்? ரிசார்ட் மூட வேண்டி வந்தால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா, வேறு தேதிதான் தருவீர்களா? பெருமழையில் திறந்த பக்கத்தை அடைக்கத் திரையோ பலகைக் கதவோ உண்டா? கட்டிலைச் சுற்றி முழுக் கொசுவலை உண்டா? வரவேற்பிலிருந்து அறைக்கு எத்தனை படிகள்? கடவுச்சீட்டை வைத்துப் பூட்டப் பெட்டகம் உண்டா?

பதில் எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். நல்ல இடத்திலிருந்து, இன்ன எண் அறை இந்தத் திசை, இத்தனை படி, மழைக்கு இப்படிச் செய்வோம் என்று எழுதுவார்கள். "எல்லா அறைகளும் சொர்க்கம்" என்று மட்டும் பதில் வந்தால் நான் அடுத்த ரிசார்ட்டைப் பார்க்கப் போய்விடுவேன்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கேள்வியும் கட்டாயம் கேளுங்கள். பல திறந்த அறைகளில் குளத்தின் விளிம்புக்கு அப்பால் கைப்பிடிச் சுவர் இருக்காது, நேரே சரிவுதான். நான்கு வயதுப் பிள்ளையோடு அங்கே ஒரு நிமிடம்கூட நிம்மதியாக இருக்க முடியாது. பல ரிசார்ட்டுகள் பிள்ளைகளை ஏற்பதே இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் மூடிய படுக்கையறையும் திறந்த வரவேற்பறையும் உள்ள வில்லாவைத் தேடுங்கள்.

படி 6: பில்

இணையத்தில் காட்டும் விலையோடு வரி, சேவைக் கட்டணம் சேர்ந்தால் 20 சதவிகிதம் வரை ஏறலாம். மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். செயின்ட் லூசியாவில் புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர், ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற நிலையான மதிப்பு. எந்த டாலரில் விலை சொல்கிறார்கள் என்று டாக்சிக்காரரிடம்கூடக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மூன்று வேளையும் சேர்ந்த திட்டத்துக்குப் பணம் கட்டும் முன் பட்டியலை வாங்கிப் பாருங்கள். அங்கே 'கிரீன் ஃபிக்' என்றால் அத்திக்காய் இல்லை, நம் வாழைக்காய். காலலூ சூப் அங்கே சேம்பு இலையில் செய்வது, அதில் நண்டோ இறைச்சியோ சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சுட்ட கறிப்பலாவும் கொண்டைக்கடலை ரொட்டியும் எங்களுக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருந்தன.

படி 7: பெட்டியும் முதல் இரவும்

காற்றில் ஈரம் அதிகம், கனத்த துணி காயவே காயாது. மெல்லிய பருத்தி, இரண்டு கைத்தறித் துண்டு, நல்ல கொசு மருந்து, தலையில் மாட்டும் சின்ன விளக்கு, கடவுச்சீட்டுக்கும் புத்தகத்துக்கும் தண்ணீர் புகாத பை. இவ்வளவு போதும். சாயங்காலம் மணலில் கண்ணுக்குத் தெரியாத மணல் ஈ கடிக்கும், கணுக்காலில் மருந்து தடவாமல் இறங்காதீர்கள். டெங்கு அங்கேயும் உண்டு.

இருட்டியதும் விசில் தவளைகள் ஆரம்பிக்கும். விரல் நுனி அளவுதான் இருக்கும், சத்தம் மட்டும் காடு முழுக்கக் கேட்கும். முதல் இரவு என் மனைவி ஏதோ அலாரம் அடிக்கிறது என்று எழுந்துவிட்டாள். மூன்றாம் இரவு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றாள். காலையில் காபி வைத்தால் சர்க்கரைக்குக் குருவி வரும். கழுத்தடியில் சிவப்பு பூசிய கரிய குருவி, கிண்ண விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாக எடுத்துக்கொண்டு நம்மை ஒரு பார்வை பார்க்கும். நாங்கள் கிண்ணத்தை மூடி வைக்கவே இல்லை.

அறைக்குப் போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கட்டிலில் ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். காற்று உடம்பில் பட வேண்டும், வெயில் கட்டிலைத் தொடக்கூடாது. சரியில்லை என்று பட்டால் அப்போதே வரவேற்பில் போய், இன்னும் உயரத்தில் வேறு அறை இருக்கிறதா என்று கேளுங்கள். கோடையில் அறைகள் காலியாக இருக்கும், பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.