ஓபராவுக்குப் புதியவரா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"ஒரு ஓபரா பார்க்கணும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று, பாடியே நடிக்கும் இந்த மேற்கத்திய இசை நாடகத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம்தான். ஆனால் பெரும்பாலோர் டிக்கெட்டை வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். அப்புறம் நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில் விழுகிறார்கள். போனை அணையுங்கள், நேரத்துக்குப் போங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒரே ஒரு பாட்டுக்காகப் போவது

எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். 1990 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி, இத்தாலியப் பாடகர் பவரொட்டி பாடிய 'நெஸ்ஸுன் டோர்மா' என்ற பாட்டு எங்கும் பரவியது. இன்றும் பலர் அந்த மூன்று நிமிட வீடியோ வழியாகத்தான் ஓபராவுக்கு வருகிறார்கள். வரட்டும். வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதுதான் பிரச்சினை.

அது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் 'துராந்தோத்' ஓபராவில் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் வரும் பாட்டு. என்னோடு வந்த நண்பர் ஒருவர் திரை விலகியதிலிருந்து "அந்தப் பாட்டு எப்போ?" என்று என் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அங்கத்தில் இளவரசி மூன்று புதிர் போடுகிறாள், பதில் தப்பினால் தலை போகும். இவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒருவழியாகப் பாட்டு வந்தது. கச்சேரிகளில் அது உச்சத்துக்கு ஏறி, கைதட்டலுக்காக நிற்கும். புச்சீனி எழுதியதில் அந்த நிறுத்தமே கிடையாது; உச்சத்தைத் தொட்ட வேகத்தில் ஆர்கெஸ்ட்ரா அடுத்த காட்சிக்குள் போய்விடுகிறது. தட்டத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. "அவ்வளவுதானா?" என்றார். மறுபடி அவர் எந்த ஓபராவுக்கும் வரவில்லை.

அவரை 'லா போயெம்'முக்கு அழைத்துப் போயிருக்கலாம். இதுவும் புச்சீனிதான், 1896இல் டூரினில் அரங்கேறியது. மூன்றாம் அங்கத்தில் பனி படர்ந்த விடியல், பாரிஸ் எல்லையில் ஒரு சுங்கச்சாவடி. நோயாளி மிமியும் அவள் காதலன் ரொடோல்ஃபோவும் பிரியத்தான் வந்தார்கள்; சரி, வசந்தம் வரும்வரை சேர்ந்திருப்போம் என்று உருகிப் பாடுகிறார்கள். அதே நேரத்தில், பக்கத்திலேயே இன்னொரு காதல் ஜோடி, மார்செல்லோவும் மூசெட்டாவும், ஒருவரையொருவர் திட்டித் தீர்க்கிறார்கள். நாடகத்தில் நான்கு பேர் ஒன்றாகப் பேசினால் ஒன்றும் புரியாது. இங்கே நான்கும் காதில் தனித்தனியாக விழும், ஒன்றாக இனிக்கும். ஓபராவிடம் ஆள் வசமாக மாட்டிக்கொள்வது இந்த மாதிரி இடங்களில்தான். நான்காம் அங்கத்தில் மிமி சாகும்போது, அவர்கள் முதலில் சந்தித்த காட்சியின் மெட்டுகள் மெலிந்துபோய்த் திரும்பி வரும். அந்தச் சந்திப்பைப் பார்க்காதவருக்கு அது வெறும் பின்னணி இசை.

வாக்னரில் தொடங்குவது

வேண்டாம். இந்த ஜெர்மன் இசையமைப்பாளரின் 'நீபெலுங்கின் மோதிரம்' நான்கு ஓபராக்களின் தொடர்: நான்கு நாள், ஏறத்தாழ 15 மணி நேரம்.

கதை தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்று நினைப்பது

போகாது. 'லா ட்ராவியாட்டா'வின் முன்னிசையிலேயே, நாயகியின் மரணப்படுக்கைக் காட்சிக்கான இசையை வாசிக்க வைத்து, இசையமைத்த வெர்டியே முடிவைப் போட்டு உடைத்துவிடுகிறார். கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டே போங்கள்.

முதல் தடவையோடு முடிவு கட்டுவது

அதே 'லா ட்ராவியாட்டா' 1853இல் வெனிஸில் தோற்றது. அடுத்த ஆண்டு, அதே ஊரில் வேறொரு அரங்கில், வெற்றி.

முதல் முறையே விலையுயர்ந்த இருக்கை வாங்குவது

முன்வரிசையில் உட்கார்ந்தால், மேடைக்கு மேலே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளைப் படித்துக் கழுத்து வலிதான் மிச்சம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006இலிருந்து நேரலையாகத் திரையரங்குகளுக்கு அனுப்புகிறது. தொடங்க அதுவே போதும். வியன்னா அரசு ஓபராவில் நின்று பார்க்கும் இடங்கள் மலிவு. நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுவதுபோல, அங்கே கழுத்துத் துண்டைக் கம்பியில் கட்டி இடம் பிடித்த காலம் உண்டு. கால் வலிக்கும். பிடிக்காமல் இடைவேளையில் கிளம்பினாலும் பெரிய நஷ்டமில்லை.