பழைய கட்டடத்தை அணு மருத்துவப் பிரிவாக மாற்றத் திட்டமிடுவது எப்படி

கதிரியக்க மருந்தை உடலுக்குள் செலுத்திப் படமெடுப்பதும் சிகிச்சை தருவதும்தான் அணு மருத்துவம். மருத்துவமனையில் ஒரு தளத்தைக் காலிசெய்து அங்கே பெட்-சிடி, காமா கேமரா என்ற ஸ்கேனர்கள், அயோடின் சிகிச்சை அறைகள் ஆகியவற்றைக் கொண்டுவரும் வேலை பெரும்பாலும் தப்பான முனையிலிருந்து தொடங்குகிறது. முதலில் இயந்திரம் முடிவாகிறது, அடுத்து அறை, அதற்கப்புறம் ஈயத்தகடு. கழிவுநீர்க் குழாய் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். எந்தெந்த ஐசோடோப்பு (கதிரியக்க அணுவகை), வாரத்துக்கு எத்தனை நோயாளிகள், ஆளுக்கு எத்தனை மெகாபெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) என்பது எண்ணாக எழுதப்படும்வரை வரைபடத்தைத் தொடவே வேண்டாம். ஐந்தாண்டு கழித்து வரப்போகும் கூட்டத்தையும் அந்த எண்ணில் சேர்த்துவிடுங்கள். பூசி முடித்த சுவருக்குள் பின்னால் ஈயம் சேர்ப்பதென்றால் பிரிவையே மூட வேண்டியிருக்கும்.

முதலில் கட்டடத்தைப் படியுங்கள்

தெரிய வேண்டியவை நான்கு: தளம் எவ்வளவு எடை தாங்கும், சுவர் எதனால் ஆனது, மேலேயும் கீழேயும் பக்கத்திலும் யார் இருக்கிறார்கள், குழாய்கள் எங்கே போகின்றன. பழைய வரைபடத்தை நம்பி இவற்றை முடிவு செய்யாதீர்கள். திண்ணிய கான்கிரீட் என்று குறித்த சுவர் உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக்காக இருக்கலாம். துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் கனமும் அடர்த்தியும் தெரியும்.

எடைக்கு ஒரு கணக்கு: 10 மில்லிமீட்டர் ஈயத்தகடு சதுர மீட்டருக்கு 113 கிலோ. 2.7 மீட்டர் உயரத்தில் 4 மீட்டர் நீளச் சுவருக்கு அதை ஒட்டினால் 1,200 கிலோவைத் தாண்டும், அத்தனையும் ஒரே கோட்டில் தளத்தின்மேல் இறங்கும். கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. ஸ்கேனர் உள்ளே வரும் வழியையும் அவரிடமே காட்டுங்கள். அது நிற்கப்போகும் இடத்தைப் போலவே, உருட்டிக்கொண்டு வரும் நடைபாதையும் அதன் எடையைத் தாங்க வேண்டும்.

கட்டுமானம் தொடங்கும் முன்பே சர்வே மீட்டரால் (கையடக்கக் கதிர்வீச்சு அளவி) எல்லா அறைகளிலும் இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சை அளந்து பதிந்து வையுங்கள். கிரானைட்டும் சிலவகைச் செங்கல்லும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். இந்தப் பதிவு இல்லாவிட்டால், பின்னாளில் ஒரு மூலையில் அளவு ஏறித் தெரியும்போது அது கசிவா, கல்லா என்று சொல்ல வழியிருக்காது.

எக்ஸ்ரே அறை என்ற கண்ணி

"இது முன்பு எக்ஸ்ரே அறை, சுவரில் 2 மில்லிமீட்டர் ஈயம் ஏற்கெனவே இருக்கிறது" என்று யாராவது சொல்வார்கள். காமா கேமராவில் பயன்படும் டெக்னீசியம்-99எம் வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதைப் பாதியாக்க ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் ஈயம் போதும், ஆகவே அந்தச் சுவர் அதற்கு நன்றாகவே உதவும். பெட்-சிடியில் பயன்படும் ஃப்ளோரின்-18 விஷயம் வேறு. அதன் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்களைப் பத்தில் ஒன்றாக்கவே 16 முதல் 17 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். அதே 2 மில்லிமீட்டர் இங்கே கால் பங்கைத்தான் தடுக்கும்.

பெட்-சிடியில் அதிகக் கதிர்வீச்சு வருவது ஸ்கேனர் அறையிலிருந்து அல்ல, ஊசி போட்டபின் நோயாளி ஒரு மணி நேரம் அசையாமல் காத்திருக்கும் அறையிலிருந்து. வாரம் 40 பேர், ஆளுக்கு 370 மெகாபெக்கரல் என்று வைத்துக்கொள்வோம். ஊசி போட்டவரிடமிருந்து 1 மீட்டர் தூரத்தில் ஒரு மெகாபெக்கரலுக்கு மணிக்கு 0.092 மைக்ரோசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்று கொண்டால், ஆளுக்கு மணிக்கு 34. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கதிரியக்கம் சிதைந்து குறைவதைச் சேர்க்க 0.83 ஆல் பெருக்குங்கள், 28 வரும். 40 பேருக்கு வாரம் ஏறக்குறைய 1,130 மைக்ரோசீவர்ட். தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கதிர்வீச்சு குறைவதால், 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இதை 16 ஆல் வகுத்தால் 70. பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், அதாவது வாரத்துக்கு 20 மைக்ரோசீவர்ட். ஆக, 28 சதவீதத்துக்கு மேல் சுவரைக் கடந்து போகக் கூடாது. அதற்கு 9 மில்லிமீட்டர் ஈயம் அல்லது 13 சென்டிமீட்டர் அளவிலான திண்ணிய கான்கிரீட் தேவை. கதிர்வீச்சு ஒழுங்குமுறை அமைப்பு ஆண்டுக்கு 0.3 மில்லிசீவர்ட் என்ற கட்டுப்பாட்டைக் கேட்டால் ஈயம் 18 மில்லிமீட்டர் ஆகிவிடும். காத்திருப்பு அறையை இரண்டு மீட்டர் தள்ளிவைக்க முடிந்தால், கணிசமான ஈயத்தை மிச்சப்படுத்தலாம்.

மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் மறந்துவிடாதீர்கள். தளத்துக்குத் தளம் 3.5 மீட்டர் என்றால், தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கும் நோயாளிக்கும் மேலே இருப்பவருக்கும் இடையில் 3 மீட்டர்தான். கீழே நிற்பவரின் தலை 2.8 மீட்டரில் இருக்கும். கூரையில் ஈயம் தொங்கவிடுவது நரக வேலை. கீழே அடித்தளம் இல்லாத தரைத்தளமும், ஆள் நடமாட்டமில்லாத வெளிச்சுவரும் கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறை வெறும் கிடங்குதானே என்று கணக்கைத் தளர்த்தாதீர்கள், கிடங்குகள் ஒருநாள் அலுவலகமாகும்.

ஈயம் தோற்பது தகட்டின் நடுவில் அல்ல, ஓரங்களில்: தகடுகள் சேரும் இடம், கதவுச் சட்டம், சுவரைக் குடைந்து பதித்த ஸ்விட்ச் பெட்டி, நேராகக் கடக்கும் குழாய். பெட்டிக்குப் பின்னால் தனித் தகடு வையுங்கள். குழாயைச் சாய்த்துக் கொண்டுபோங்கள்.

நடைபாதை

ஊசி போட்ட நோயாளி பொதுக் காத்திருப்பு இடத்துக்குத் திரும்பவே கூடாது. ஊசி அறை, காத்திருப்பு அறை, அவர்களுக்கென்றே ஒரு கழிவறை, ஸ்கேனர், தனி வெளிவாசல் என்று ஒரே திசையில் போகட்டும். ஃப்ளோரின்-18 காத்திருப்பு அறையை காமா கேமராவின் பக்கத்தில் வைத்தால் மனிதருக்குப் பாதுகாப்பாகவே இருக்கலாம், ஆனால் கேமரா எடுக்கும் படம் கெடும். அங்கே சுவரின் கனத்தைக் கேமராவின் தேவைக்கேற்பத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

கதிரியக்க மருந்து தயாராகும் ஹாட் லேபில் காற்று ஒரு முரண்பாடு. கதிரியக்கம் வெளியே போகாதிருக்க அறைக்குள் அழுத்தம் குறைவாக வேண்டும், மருந்து கெடாதிருக்கச் சுத்தமான காற்று வேண்டும். மருந்தைக் கவசமிட்ட பாதுகாப்புப் பெட்டிக்குள் தயாரித்து, அறையை மட்டும் குறை அழுத்தத்தில் வைப்பது ஒரு நல்ல தீர்வு. எக்ஸாஸ்ட் விசிறியை டக்டின் (காற்றுக் குழாயின்) கடைசியில், கூரைமேல் வையுங்கள். விசிறி கீழே இருந்தால் கட்டடத்துக்குள் ஓடும் டக்ட் முழுவதும் வெளிநோக்கிய அழுத்தத்தில் இருக்கும், ஒரு விரிசல் போதும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி அயோடின் ஆவியைப் பிடிக்காது, செயலூட்டிய கரி வேண்டும்.

தரையும் குழாயும்

தரைக்கு இணைப்பில்லாத வினைல், சுவரோரம் வளைத்து 10 முதல் 15 சென்டிமீட்டர் மேலேற்றியது. டைல்ஸ் வேண்டாம், இடுக்கில் சிந்தியதை எடுக்க முடியாது.

அயோடின்-131 சிகிச்சை அறைகளின் கழிவுநீருக்குத் தனிக் குழாயும் சேமிப்புத் தொட்டிகளும் திட்டமிடுங்கள். அதன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகும் காலம்) 8 நாள், பத்து அரை ஆயுள் 80 நாள், அதற்குள் ஆயிரத்தில் ஒன்றுக்கு வந்துவிடும். இரண்டு அறை, அறைக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் என்றால் 80 நாளில் 9,600 லிட்டர். ஒன்று நிரம்பும்போது மற்றது ஓய்வெடுக்கும்படி, கொஞ்சம் கூடுதல் கொள்ளளவுள்ள இரண்டு தொட்டிகள் வேண்டும். பழைய கட்டடத்தில் இதற்கு இடம் தேடுவதுதான் மிகக் கடினம், அதனால்தான் இது முதல் நாளே முடிவாக வேண்டும். தண்ணீர் குறைவாகச் செலவாகும் கழிப்பறை வைத்தால் சேமிப்புத் தொட்டியின் அளவு குறையும். குழாயில் வளைவுகள் குறைவாக இருக்கட்டும், மற்ற வார்டுகளின் தலைக்குமேல் போக வேண்டாம்.

திடக்கழிவு அறையை ஐசோடோப்பு வாரியாகப் பிரியுங்கள். லூட்டீசியம்-177 கொண்டுவரும் எண்ணமிருந்தால், அது எந்த முறையில் தயாராகிறது என்று மருந்து தருபவரிடம் கேளுங்கள். ஒரு முறையில் 160 நாள் அரை ஆயுளுள்ள லூட்டீசியம்-177எம் கலந்து வரும், அந்தக் கழிவு ஆண்டுக்கணக்கில் உங்கள் அறையிலேயே தங்கும்.

பூச்சுக்கு முன் சோதனை

வரைபடத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வராமல் ஒரு சுவரையும் இடிக்கக் கூடாது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி வேலை தொடங்கும் நாளிலிருந்தே தளத்தில் இருக்கட்டும். ஈயம் ஒட்டியதும், பூச்சும் ஃபால்ஸ் சீலிங்கும் ஏறும் முன், அனுமதி பெற்ற ஒரு கதிரியக்க மூலத்தை உள்ளே வைத்து மறுபக்கம் ஒவ்வொரு இணைப்பின் நெடுகிலும் மீட்டரை நகர்த்திப் பாருங்கள். ஓட்டை தெரிந்த இடத்தை அன்றே படமெடுத்து, அடைத்து, மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் பதிவேட்டில் எழுதுங்கள். பூசியபின் அதே ஓட்டையைச் சரிசெய்யச் சுவரையே உடைக்க வேண்டும்.