ஒஸ்லோவில் முதல் குளிர்காலம்

ஒஸ்லோவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பலர், டிசம்பரில் காலை 9 மணிக்குப் பின் எழும் சூரியன் பிற்பகல் 3 மணி கடந்ததும் மறைவதைக் கண்டு, வேலை விட்டால் வீடு என்று முடங்கிவிடுகிறார்கள். முதற்குளிர்காலத்தை அப்படிக் கழிக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

உடலோடு ஒட்டிய உள்ளாடை கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராது, குளிர் உடலில் ஏறிவிடும். பாதைகள் பனிக்கட்டியாக இறுகும் நாட்களில் சப்பாத்தின் அடியில் மாட்டும் ‘புரொடர்’ முட்கள் அவசியம். ரப்பர் வளையத்தை முன்நுனியில் கொளுவிக் குதிக்காலுக்கு இழுத்துவிடுங்கள். கடைக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள், வழவழப்பான தரையில் அவையே வழுக்கும்.

பிள்ளைகள் இருந்தால் முதலில் செல்ல வேண்டிய இடம் ‘கொர்க்கத்ரெக்கரன்’ சறுக்குப்பாதை. முதலாம் இலக்க ரி-பானவில் (நகர மெட்ரோ ரயிலில்) கடைசித் தரிப்பிடமான ஃபிரொக்னர்சேத்தரனில் இறங்கினால், 1952 குளிர்கால ஒலிம்பிக்கின்போது பயன்பட்ட அப்பாதை அங்கிருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றர் வளைந்து வளைந்து மிட்ஸ்தூவன் வரை இறங்குகிறது. கீழே மீண்டும் ரயிலேறி மேலே வரலாம். மடியில் சறுக்கு வண்டியும் காலடியில் உருகும் பனியுமாகப் பெட்டி நிறையப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் அந்தப் பயணமே ஒரு மகிழ்ச்சி. வண்டியும் தலைக்கவசமும் மேலே வாடகைக்குக் கிடைக்கும். தலைக்கவசம் இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள். விழுந்தவர் உடனே ஓரத்துக்கு விலக வேண்டும், ஏனெனில் பின்னால் வருபவரால் சட்டென்று நிறுத்த முடியாது.

பனிச்சறுக்குப் பலகைகளை விலைகொடுத்து வாங்க அவசரப்பட வேண்டாம். ‘பூஆ’ என்னும் இரவல் நிலையங்கள் விளையாட்டுப் பொருட்களை இலவசமாகத் தருகின்றன. வளரும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. பனிக்கட்டியில் சறுக்கிப் பழக, நகர நடுவில் நாடாளுமன்றத்துக்கும் தேசிய அரங்குக்கும் இடையேயுள்ள ஸ்பிக்கர்சுப்பா திடல் போதும்.

குளிர் மிகுந்த நாளில் பியோர்விக்காவிலுள்ள டைக்மன் நூலகத்தில் கட்டணமின்றி நாள் முழுவதும் இருக்கலாம். விகெலன் சிற்பப் பூங்காவும் இலவசமே.

மாலையில் நடக்க விரும்புவோருக்குச் சொக்ன்ஸ்வன் ஏரியைச் சுற்றிய பாதை ஏற்றது. ஐந்தாம் இலக்க ரி-பான அங்கேயே முடிகிறது. ஏரி உறைந்து வெண்மையாகத் தெரிந்தாலும் தனியாக அதன்மேல் கால் வைக்காதீர்கள். நீர் உட்புகும், வெளியேறும் இடங்களில் பனிக்கட்டி எப்போதும் மெல்லியதாகவே இருக்கும்.