பெட்டியில் கிடக்கும் பங்க் சிடிகள்: பாட்டு தவறாமல் கணினிக்கு மாற்றுவது எப்படி?

எல்லாம்தான் ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதே, இந்தப் பங்க் ராக் சிடிகளை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. ஒரே பெயரில் இருப்பதெல்லாம் ஒரே ஆல்பம் இல்லை என்பதுதான் என் பதில். தி ஸ்டூஜஸ் குழுவின் ‘ரா பவர்’ 1973இல் வந்தபோது பெரும்பாலான பாடல்களை மிக்ஸ் செய்தவர், அதாவது குரலும் கருவிகளும் எந்த அளவில் கேட்க வேண்டும் என்று கலந்தவர், டேவிட் போவி. கிடார் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். டிரம்ஸ் எங்கோ பின்னால் கேட்கும். 1997இல் குழுவின் பாடகர் இகி பாப் அதை மறுபடி மிக்ஸ் செய்தார். சத்தம் கூரையைப் பிய்க்கும். தி ரீப்ளேஸ்மென்ட்ஸின் ‘டிம்’ 1985இல் வந்தது. 2023இல் தயாரிப்பாளர் எட் ஸ்டேசியம் அதற்கு முழுக்கப் புது மிக்ஸ் கொடுத்தார். எது உசத்தி என்ற சண்டை தனியாக நடக்கட்டும். நீங்கள் கேட்டு வளர்ந்தது உங்கள் அலமாரியில் இருக்கிறது, அதை அப்படியே கணினிக்குள் எடுத்துக்கொள்வதுதான் இங்கே வேலை.

மென்பொருளை இறக்கி நிறுவுவது, டிரைவில் சிடி போடுவது இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எந்த சிடி முதலில்?

அகர வரிசை வேண்டாம். கெட்டுப்போகக்கூடியதை முதலில் எடுங்கள். ஒவ்வொரு சிடியையும் திருப்பி, நடுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.’ என்று இருந்தால் அது வரிசையில் முதல். அந்த நிறுவனத்தின் இங்கிலாந்து பிளாக்பர்ன் ஆலையில் ஏறக்குறைய 1988 முதல் 1993 வரை அடித்த சிடிகளில் கணிசமானவை ஓரத்திலிருந்து செம்பு நிறமாக மாறின. சிடியின் மேல்பூச்சு, அட்டைக் காகிதத்தில் இருந்த கந்தகத்தைத் தாங்கவில்லை. பிரிட்டிஷ் இண்டி (சின்ன, சுயாதீன லேபிள்) சிடிகள் நிறைய அங்கே அடிக்கப்பட்டவை என்பதால் இது நம் ஆட்களுக்குத்தான் அதிகத் தலைவலி. நிறம் மாறத் தொடங்கியிருந்தாலும் பல சிடிகள் இன்னும் ஓடும். ஓடும்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, மறுபதிப்பே வராத சின்ன லேபிள் வெளியீடுகள். நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ மாதிரி ஊரெல்லாம் கிடைப்பது கடைசியில் வரட்டும்.

2. துடைப்பது

மைக்ரோஃபைபர் துணி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் தேய்க்காதீர்கள். பளபளக்கும் பக்கத்தில் லேசான கீறல் இருந்தால் பயம் வேண்டாம். பெயர் அச்சிட்ட பக்கத்தில் விழுந்த கீறல்தான் ஆபத்து; ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் அந்த அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது.

3. ரிப் செய்வது

சிடியில் உள்ள பாட்டைக் கணினிக் கோப்பாக எடுப்பதுதான் ரிப். அதற்கு விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சுருக்கமாக இ.ஏ.சி. இலவசம். முகத்தைப் பார்த்தால் 1990களில் செய்தது என்று தெரியும், ஆனால் வேலை சுத்தம். மேக்கில் எக்ஸ்.எல்.டி., லினக்ஸில் விப்பர். பாட்டு கேட்கும் செயலிகளிலேயே வரும் ‘இம்போர்ட்’ பொத்தான் எனக்குப் பிடிக்காது. எங்கே பிழை வந்தது என்று அது சொல்லாது. டிக் என்று ஒரு சத்தம் பாட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் பிறகு நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இ.ஏ.சி.யில் செக்யூர் முறையைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். மற்றவர்கள் எடுத்த ரிப்களின் பட்டியலோடு ஒப்பிடும் அக்யுரேட்ரிப்பையும் இயக்கிவிடுங்கள். பலருக்கும் பரிச்சயமான ஒரு சிடியைப் போட்டால் உங்கள் டிரைவின் ஆஃப்செட்டை (படிக்கத் தொடங்கும் இடம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதை) அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு பாட்டும் உலகில் மற்றவர்கள் எடுத்ததோடு ஒத்துப்போகிறதா என்று சொல்லும்.

நம் கையில் இருக்கும் பாதி சிடி அந்தப் பட்டியலில் இருக்காது. பரவாயில்லை. ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ கொடுங்கள். இரண்டு முறை படித்து, இரண்டு சி.ஆர்.சி. எண்ணும் (படித்த தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக வந்தால் நம்பலாம்.

ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள். எம்பி3யில் ஆரம்பித்தால் பின்னால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும். ஃபிளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 எடுக்கலாம், எம்பி3யிலிருந்து போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

(நகலெடுப்பது பற்றி ஒரு பழைய கதை. வீட்டில் டேப் செய்வது இசையையே கொல்கிறது என்று பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனங்கள் பிரசாரம் செய்துகொண்டிருந்தபோது, அமெரிக்க பங்க் குழுவான டெட் கென்னடிஸ் 1981இல் ‘இன் காட் வி ட்ரஸ்ட், இன்க்.’ கேசட்டில் எல்லாப் பாட்டையும் ஒரே பக்கத்தில் வைத்தார்கள். மறு பக்கம் காலி. நீங்களும் ஒரு கை கொடுங்கள் என்று அதிலேயே அச்சிட்டும் விட்டார்கள்.)

4. முதல் பாட்டுக்கு முன்னால் ஒளிந்திருப்பது

இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கடைசிப் பாட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பாட்டு எல்லோருக்கும் தெரியும். ‘நெவர்மைண்ட்’ முடிந்து சுமார் பத்து நிமிட அமைதிக்குப் பின் வருவது அப்படி ஒன்று. ரிப் செய்யும்போது அது கடைசி டிராக்கோடு தானாக வந்துவிடும்.

முதல் பாட்டுக்கு முன்னால் இருப்பது அப்படி வராது. சிடியின் ஒவ்வொரு டிராக்குக்கும் முன்னால் ஓர் இடைவெளிக்கு அனுமதி உண்டு, அதற்கு ‘ப்ரீகேப்’ என்று பெயர். முதல் டிராக்கின் ப்ரீகேப்பில் முழுப் பாட்டையே வைத்துவிட்டால், பிளேயர் அதைத் தாண்டி ஒன்றாம் எண்ணிலிருந்துதான் தொடங்கும். கேட்க வேண்டுமென்றால் ரீவைண்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஆஷ் குழுவின் ‘1977’ ஆல்பத்தின் (1996) ஆரம்பகாலப் பிரிட்டிஷ் சிடியில் பழைய பாடல்கள் இப்படித்தான் ஒளிந்திருக்கின்றன. சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸின் ‘கெரில்லா’விலும் (1999) ஒன்று உண்டு. சாதாரணமாக ரிப் செய்தால் இவை வரவே வராது, எந்த எச்சரிக்கையும் இருக்காது.

கண்டுபிடிப்பது எப்படி? இ.ஏ.சி. பட்டியலில் முதல் பாட்டின் தொடக்க நேரத்தைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் ஒன்றுமில்லை. சில நிமிடங்கள் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஆக்‌ஷன் மெனுவில் ‘காப்பி ரேஞ்ச்’ எடுத்து, பூஜ்யத்திலிருந்து முதல் பாட்டு தொடங்கும் இடம் வரை குறித்துத் தனிக் கோப்பாக எடுங்கள். டிராக் எண் 00 என்று கொடுத்தால் வரிசையில் தானாக முன்னால் நிற்கும்.

சேர்க்கை: அப்படியே செய்தும் வெறும் அமைதிதான் வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சில டிரைவ்களுக்கு அந்தப் பகுதியைப் படிக்கவே தெரியாது. அமைப்பை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை, வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். மெல்லிய யு.எஸ்.பி. டிரைவ்களைவிட, பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய டிவிடி ரைட்டரும் ஒரு சாட்டா–யு.எஸ்.பி. அடாப்டரும் என்பதுதான் என் விருப்பம்.

5. டேக் போடுவது

டேக் என்றால் பாட்டு, குழு, ஆண்டு என்று கோப்புக்குள் எழுதிவைக்கும் விவரம். அதற்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற மென்பொருள் போதும். ஆல்பம் பெயரைத் தேடினால் இருபது பதிப்பு வந்து நிற்கும். முதலில் வருவதைத் தட்டிவிடாதீர்கள். சிடிப் பெட்டியின் முதுகில் இருக்கும் கேட்டலாக் எண்ணைப் (லேபிள் கொடுத்த வெளியீட்டு எண்) பாருங்கள். பார்கோடு இருந்தால் அதையும். உங்கள் பதிப்பு எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 1997 ‘ரா பவர்’ 1973 அட்டைப்படத்தோடு உட்கார்ந்திருக்கும்.

‘ஒரிஜினல் டேட்’ என்ற புலம் நிரம்பியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். பாட்டு கேட்கும் செயலியான ஃபூபார்2000இல் நான் அந்தத் தேதியை வைத்துத்தான் அடுக்குகிறேன். மறுபதிப்புத் தேதியில் அடுக்கினால் 1977இன் பங்க் எல்லாம் 2000களில் சிதறிக் கிடக்கும்.

சேர்க்கை: ஹுஸ்கர் டூ குழுவின் ஆங்கிலப் பெயரில் இரண்டு எழுத்துகளின் தலையில் இரட்டைப் புள்ளி உண்டு. புள்ளியோடு பாதி, இல்லாமல் பாதி என்று இருந்தால் ஒரே குழு இரண்டு இடத்தில் காட்டும். புள்ளியோடு எழுதுவதையே எல்லாவற்றுக்கும் வையுங்கள்.

6. கேட்பதற்கு முன்

பாட்டுகளின் சத்த அளவைச் சமன்படுத்தும் ரீப்ளேகெயின் அளவிடும்போது ஆல்பம் முறையைப் போடுங்கள். டிராக் முறை ஒவ்வொரு பாட்டையும் ஒரே சத்தத்துக்கு இழுத்துவிடும். வயர் குழுவின் ‘பிங்க் ஃபிளாக்’ (1977) 35 நிமிடத்தில் 21 பாட்டு. அதில் ஏற்ற இறக்கம்தான் விஷயமே.

அடுத்து, தொகுப்புகளைப் பிரியுங்கள். ஃபுகாஸியின் ‘13 சாங்ஸ்’ உண்மையில் இரண்டு இ.பி.க்கள் (ஆல்பத்தைவிடச் சின்ன வெளியீடுகள்): முதல் ஏழு பாட்டு 1988, மீதி ஆறு 1989. மைனர் த்ரெட்டின் ‘கம்ப்ளீட் டிஸ்காகிராஃபி’யும் அப்படித்தான். கோப்புகளை நகர்த்த வேண்டாம், ஒவ்வொரு இ.பி.க்கும் ஒரு பிளேலிஸ்ட் போதும். ஏழு பாட்டோடு நிறுத்திப் பாருங்கள், ஃபுகாஸி வேறு மாதிரி கேட்கும்.

இரட்டை எல்.பி.க்களுக்கும் (இரண்டு இசைத்தட்டு கொண்ட ஆல்பங்கள்) இதே வழிதான். மினிட்மென்னின் ‘டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்’ (1984) நான்கு பக்கம். குழுவின் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கத்துக்குப் பாட்டு பொறுக்கினார்கள், மிச்சம் மீதி நான்காவது பக்கத்துக்குப் போனது. ஒரே மூச்சில் ஓடவிட்டால் அந்த விளையாட்டு தெரியாது, நான்கு பிளேலிஸ்ட் போடுங்கள். ஆனால் எல்.பி.யில் உள்ள மூன்று பாட்டு சிடியில் இல்லை, இடம் பற்றவில்லை. உங்கள் பட்டியல் எல்.பி. அட்டையோடு ஒத்துவராவிட்டால் ரிப் தவறு என்று நினைத்து மறுபடி சிடியைப் போடாதீர்கள்.