ரூல்ஸ் ராமானுஜம் கதை எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் சாலிகிராமத்தில் ஒரு டீக்கடை வாசலில் வைத்து ஒரு தம்பி எனக்குக் கதை சொன்னான். "அண்ணே, ஹீரோ எல்லாத்துக்கும் டைம் டேபிள் போட்டு வாழுறவன். காலைல அஞ்சு மணிக்கு அலாரம்..." அதற்குமேல் அவன் சொல்லவே வேண்டியதில்லை. சட்டைகள் நிறவாரியாகத் தொங்கும், மேஜையில் பேனாக்கள் அணிவகுத்து நிற்கும், எதிர் ஃபிளாட்டுக்கு ஒரு பெண் குடிவருவாள், மூடப்போகும் லிஃப்டைக் காலை விட்டு நிறுத்துவாள். "எப்படிண்ணே கரெக்டா சொல்றீங்க?" என்றான். அதே கதையைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதியிருக்கிறேன். ஸ்பைரல் பைண்டிங் போட்ட 118 பக்கம் இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

இந்த வருடம் இதே ஒன்லைனோடு வந்தவர்களில் இவன் மூன்றாவது ஆள். வசனம் நீளம், இரண்டாம் பாதி இழுவை என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழக்கங்களைப் பாட்டுக்குள் அடைப்பது

அறிமுகப் பாட்டில் பல் துலக்குவது, இட்லியை எண்ணிச் சாப்பிடுவது, செருப்பை ஜோடி பார்த்து வைப்பது எல்லாம் வரிசையாக ஓடும். பாட்டு முடிந்ததும் அவற்றை எழுதியவனே மறந்துவிடுவான். என் ஸ்கிரிப்டில் பதினான்கு பழக்கங்கள் இருந்தன. ஒன்றுகூடக் கதைக்கு உதவவில்லை. இரண்டு போதும், ஆனால் அந்த இரண்டும் பார்க்கிறவனுக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். அவன் தினமும் 7.40 பஸ்ஸைப் பிடிப்பான், அதை விட்டால் அடுத்தது 8.25தான் என்று தியேட்டருக்குத் தெரிந்தால்தான், 7.38க்கு அவன் செருப்பு அறுந்ததும் சிரிப்பு வரும்.

ஒழுங்கை வியாதியாக்கி, பெண்ணை மருந்தாக்குவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பிபி ஏறும்.

ஹீரோ ஒழுங்காக இருப்பதே அவனுக்கு வந்த நோய். அதைக் குணப்படுத்தத்தான் ஹீரோயின் பிறந்திருக்கிறாள். அவளுக்கு வாடகை கட்டும் கவலை கிடையாது, ஆபீஸ் கிடையாது, மாதக் கடைசி கிடையாது. சிரிப்பாள், அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பானிபூரி வாங்கிக்கொடுப்பாள். மூன்றாவது பூரியில் அவன் குணமாகிவிடுவான். அந்தப் பெண்ணின் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் எழுதியவனுக்கே தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அந்த 118 பக்கத்தை ஒரு தயாரிப்பாளரிடம் சொன்னேன். இடைவேளை வரை பொறுமையாகக் கேட்டவர், "தம்பி, இவன் இப்படி இருக்கிறதால யாருக்காச்சும் பிரயோஜனம் உண்டா?" என்றார். "இல்ல சார், அதான் சார் அவன் பிரச்சினையே" என்று பெருமையாகச் சொன்னேன். உடனே டீ வரவழைத்தார். கதை பாதியில் நிற்கும்போது டீ வந்தால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த இரண்டு வருடம் நான் செய்த வேலை இதுதான்: ஹீரோயினை மாற்றிக்கொண்டே இருந்தேன். டான்ஸர், அப்புறம் ஆர்ஜே, அப்புறம் ஊர் சுற்றி. மருந்தின் நிறத்தை மாற்றினேனே தவிர, படுத்திருந்தவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டிய ஆள் என் வீட்டிலேயே இருந்தார். என் பெரியப்பா, மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். சிலிண்டர் மாற்றிய தேதியைத் தினசரி காலண்டர் அட்டையில் பென்சிலால் குறித்துவைப்பார். ரயில் ஒன்பது மணிக்கு என்றால் ஏழு மணிக்கே ஸ்டேஷன் பெஞ்சில் இருப்பார். "ஸ்டேஷன் மாஸ்டருக்கே நீங்கதான் கதவு திறந்து விடுவீங்களா பெரியப்பா?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பெரியப்பா மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரத்த வகை, பழைய ஈசிஜி, சர்க்கரை மாத்திரைச் சீட்டுகள், எல்லாம் தேதிவாரியாக. "நீங்க மெடிக்கல் லைனா சார்?" என்று டாக்டர் கேட்டார். கிண்டல் செய்த நாங்கள் நாலு பேரும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தோம். பிறகுதான் அப்பா சொன்னார்: தாத்தா இறந்தபோது ஒரு பத்திரம் கிடைக்காமல் குடும்பமே மூன்று வருடம் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அலைந்ததாம். அலைந்தவர் பெரியப்பா. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

அந்தத் தயாரிப்பாளர் கேட்டதற்குப் பதில் அந்த மஞ்சப்பையில் இருந்தது. ஒழுங்கு எங்கிருந்து வந்தது, யாரைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்தபிறகு, அதை அவர் தளர்த்தப்போகும்போது பார்க்கிறவனுக்கும் கொஞ்சம் பயம் வரும். அந்தப் பயம் இல்லாமல் இந்த வகைப் படத்தில் நகைச்சுவையும் கிடையாது, டிராமாவும் கிடையாது.

இன்னொன்று. அவனை மாற்ற வெளியிலிருந்து ஆள் வரவேண்டிய அவசியமே இல்லை, அவன் ஒழுங்கே அவனைத் தள்ளிவிடும். 1997இல் வந்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' படத்தில் ஜாக் நிக்கல்சன் தினமும் அதே ஹோட்டல், அதே மேஜை, கையோடு கொண்டுபோகும் பிளாஸ்டிக் ஸ்பூன் என்று வாழ்கிறவர். அங்கே அவரைச் சகித்துக்கொள்கிற பணிப்பெண் ஹெலன் ஹன்ட் ஒருத்திதான். அவள் மகனுக்கு ஆஸ்துமா முற்றி, அவள் வேலைக்கு வரமுடியாமல் போகிறது. இவர் தன் செலவில் அந்தப் பையனுக்கு நல்ல டாக்டரை அனுப்புகிறார். எதற்கு? தன் சாப்பாடு பழையபடி மேஜைக்கு வரவேண்டும் என்பதற்கு! முழுச் சுயநலம். அங்கிருந்துதான் அந்த ஆள் நகர ஆரம்பிக்கிறார். அவளுக்கும் வீடு, அம்மா, கடன், கோபம் எல்லாம் உண்டு. இருவருக்குமே ஆஸ்கர் கிடைத்தது.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ ஹீரோயினை நர்ஸா வெச்சுக்கலாமாண்ணே?" என்றான்.

ஓசிடி என்று வசனத்தில் எழுதுவது

நிக்கல்சன் பாத்திரத்துக்கு இருப்பது நிஜமான ஓசிடி, வேண்டாம் என்று நினைத்தாலும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். உங்கள் ஹீரோவுக்கு இருப்பது பழக்கம். கதவைப் பூட்டினோமா என்று பத்துத் தடவை பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவருக்கு அது சிரிப்பான விஷயம் இல்லை. அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

சுற்றியிருக்கும் எல்லோரையும் கிறுக்காக்குவது

ஹோவர்ட் ஹாக்ஸ் 1938இல் 'பிரிங்கிங் அப் பேபி' எடுத்தார். கேரி கிராண்ட் நாலு வருடமாக ஒரு டைனோசர் எலும்புக்கூட்டைக் கோத்துக்கொண்டிருக்கிறார். பாக்கி ஒரே ஒரு எலும்பு. அதை ஒரு நாய் கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறது. இன்றைக்கு எல்லோரும் கொண்டாடும் படம், வந்த புதிதில் ஓடவில்லை. அதில் இயல்பான ஆள் ஒருத்தர்கூட இல்லாமல் போனதுதான் தான் செய்த தப்பு என்று ஹாக்ஸே பின்னால் சொல்லியிருக்கிறார். தம்பி கதையில் வாட்ச்மேன்கூட மாயாஜாலம் செய்கிறார். ஒருத்தராவது நேராக நிற்கட்டும், அப்போதுதான் மற்றவர்கள் சாய்வது தெரியும்.

மழையில் நனைவது

வேண்டாம்.

லடாக்குக்கு பைக்கில் போவது

அதுவும் வேண்டாம்.

சுவர்க் கடிகாரம்

எழுத்து வேலை இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். நான் எடுத்த குறும்படத்தில் ஒரு காட்சி: விடிகாலை ஆறு மணி, நாயகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து "கரெக்ட்!" என்பார். பின்னால் சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பது காட்டிக்கொண்டிருந்தது, நாங்கள் ஷூட் செய்த நேரம். திரையிட்டபோது அரங்கம் அங்கேதான் விழுந்து விழுந்து சிரித்தது. நேரம் தவறாதவன் கதையில் பார்க்கிறவனும் நேரம் பார்ப்பான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு டேக்குக்கும் முள்ளைக் கையால் வையுங்கள்.

கிளைமாக்ஸில் டைரியைக் கடலில் எறிவது

என் ஸ்கிரிப்டில் பெசன்ட் நகர் கடலில் எறிந்தேன். தம்பி மெரினாவில் எறிகிறான். அவ்வளவுதான் வித்தியாசம். எறிந்துவிட்டால் ஒன்றரை மணி நேரமாக நாம் பழகிய ஆள் செத்துப்போகிறான். திரையில் நிற்பவன் யாரோ புது ஆள்.

போன வருடம் திருச்செந்தூர் போக ஸ்டேஷனில் காத்திருந்தோம். பெரியப்பா வரும்போது ரயிலுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. நான் பதறிப்போய், "என்ன பெரியப்பா, இவ்வளவு லேட்டு?" என்றேன்.

"வர்ற வழியில கரும்புச் சாறு குடிச்சேன்டா" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மஞ்சப்பையிலிருந்து டைரியை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். கரும்புச் சாறு 2, ரூ.40.

"ரெண்டா?"

"ஒண்ணு பத்தலை."