டஃப்டி அணில் பாணியில் சாலைப் பாதுகாப்புப் பொம்மைப் படம் எடுப்பது எப்படி?

டஃப்டி, 1953இல் பிரிட்டனில் எல்சி மில்ஸ் உருவாக்கிய அணில். 1970களின் தொலைக்காட்சிப் படங்களில் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி அதை நடக்க வைத்தார்கள். பெர்னார்ட் கிரிப்பின்ஸ் குரலில் கதை. ஒரு படத்தில் ஐஸ்கிரீம் வண்டி வருகிறது. டஃப்டி அம்மாவோடு போகிறது. அதன் நண்பன் வில்லி தனியாக ஓடி வண்டியில் அடிபடுகிறது. ஒரு படத்துக்கு ஒரே பாடம். அதே அளவில் 30 விநாடிப் படம் ஒன்றை வீட்டு மேசையிலேயே எடுக்கலாம்.

பொம்மையை இம்மி நகர்த்தி ஒவ்வொன்றாக எடுக்கும் நிழற்படம் விநாடிக்கு 12 போதும், மொத்தம் 360. குரலை முதலிலேயே பதிந்துவிடுங்கள், எந்தச் சொல்லுக்கு எத்தனை நிழற்படம் என்று எண்ணிக்கொள்ளலாம்.

பொம்மை 15 செ.மீ. உயரம் இருக்கட்டும். 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி இரண்டைச் சேர்த்து முறுக்கினால் எலும்புக்கூடு. வளைத்து வளைத்துக் கணுக்காலும் கழுத்தும்தான் முதலில் ஒடியும். இன்னொரு பொம்மை தயாராக வேண்டும். பாதத்தில் 3 மி.மீ. நட்டு பதித்து, பலகைக்கு அடியிலிருந்து போல்ட்டால் முடுக்குங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக்காலில் நிற்கும்போது சாயும். தோலுக்கு ஃபெல்ட் துணி. நீள ரோமத் துணியில் விரல் படும் இடமெல்லாம் கலைந்து, திரையில் அணிலுக்குக் குளிர் காய்ச்சல் போலத் தெரியும்.

செல்போனை ஸ்டாண்டில் இறுக்கி, ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் லாக் செய்யுங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் வெளிச்சம் துடிக்கும். ஜன்னலை மூடி விளக்கில் எடுங்கள். நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டால் ஒளி தெறித்து அதே துடிப்பு வரும்.

பலரும் சறுக்குவது காரில். 15 செ.மீ. பொம்மையை 1 மீட்டர் குழந்தையாகக் கொண்டால் கார் 60 செ.மீ. நீளம் வேண்டும். பொம்மைக் கடைக் காரை வைத்தால் பயமே வராது. அட்டையில் முன்பாதியை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு நிழற்படத்துக்கும் 10 செ.மீ. நகர்த்தினால், அந்த அளவில் மணிக்குச் சுமார் 30 கி.மீ. வேகம்.

நடைபாதை ஓரம்தான் படத்தின் உயிர். அணில் அங்கே 24 படம் அசையாமல் நிற்கட்டும். பிறகு வலம், இடம், மீண்டும் வலம்: திரும்ப 4 படம், பார்த்து நிற்க 10. இடப்பக்கம் வண்டி ஓடும் நாட்டில் அருகிலுள்ள வண்டி வலமிருந்து வரும். தலைக்கு ஒரு படம் முன்பே கண்மணியைத் திருப்புங்கள், நிஜமாகப் பார்ப்பது தெரியும்.

மோதலைக் காட்ட வேண்டாம். சாலையில் சிதறிய ஐஸ்கிரீம் போதும். முடித்ததும் ஐந்து வயதுக் குழந்தையிடம் போட்டுக் காட்டி, அணில் எங்கே நின்றது என்று கேளுங்கள். காரைப் பற்றி மட்டும் சொன்னால், அந்த 24ஐ 36 ஆக்குங்கள்.