சுவரில் அடித்த பலகை: கையை உரமேற்றுவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் கராத்தே வகுப்பு முடிந்ததும் 19 வயதுப் பையன் ஒருவன் வந்து இரண்டு புறங்கைகளையும் என் முன்னால் நீட்டினான். விரல் முட்டிகளில் தோல் உரிந்து, ஓரங்களில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. "தினமும் 200 குத்து, மாஸ்டர்" என்றான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்கு எரிச்சல்தான் வந்தது. 30 ஆண்டுகளுக்கு முன்னால் இதே பூரிப்போடு நானும் ஊரெல்லாம் கையை நீட்டிக்கொண்டு திரிந்தவன்.

கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குத்துவது, நகம் வெட்டாமல் வருவது போன்றவற்றை முதல் வகுப்பிலேயே சொல்லித் திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாகிவாராவைச் சுவரில் அடிப்பது

ஜப்பானின் ஒகினாவாவில் கராத்தே பயில்வோர் குத்திப் பழகும் கம்பத்துக்கு மாகிவாரா என்று பெயர். சுற்றிய வைக்கோல் என்று பொருள். நம் களத்துமேட்டில் திரிக்கும் வைக்கோற்பிரி போன்ற ஒன்றைக் கம்பத்தின் தலைப்பில் வரிந்து கட்டியிருப்பார்கள். படத்தில் பார்ப்பவர் கண்ணில் வைக்கோல்தான் படும். சூட்சுமமோ மரத்தில் இருக்கிறது. சுமார் 7 அடிப் பலகை. இரண்டு, இரண்டரை அடி மண்ணுக்குள் போய்விடும். அடியில் 3 அங்குலத்துக்குக் குறையாத கனம். மேலே போகப் போக இழைத்து இழைத்து, நுனியில் அரை அங்குலத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். நெஞ்சு உயரத்தில் குத்தினால் பின்னால் சாய்ந்து, திரும்பி வந்து நிற்கும்.

இதெல்லாம் தெரியாமல் நான் ஒரு பலகைத் துண்டில் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றி, காம்பவுண்டுச் சுவரில் நான்கு ஆணி அடித்து மாட்டினேன். நார்க் கயிறு அரம் போல வேலை செய்தது. மூன்றாம் நாளே தோல் போயிற்று. தோல் போகிறதென்றால் கை பழகுகிறது என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆறு மாதத்தில் முட்டிகள் காய்த்துவிட்டன. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதுகூட, நாலு பேர் பார்க்கட்டும் என்று முட்டியை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பிடிப்பேன்.

பிறகு ஒரு நாள் காலையில் வலக்கை நடுவிரலை மடக்கியபோது முட்டியின் மேல் ஏதோ நழுவியது. விரலை நீட்டும் தசைநாண் முட்டியின் உச்சியில் ஓடுகிறது. அது விலகாதபடி ஒரு மெல்லிய உறை பிடித்து வைத்திருக்கிறது. தினசரி இடியில் அந்த உறை கிழிந்துவிட்டதால், விரலை மடக்கும்போதெல்லாம் தசைநாண் பக்கத்துப் பள்ளத்தில் வழுக்கி விழுந்தது. குத்துச்சண்டைக்காரர்களுக்கு அடிக்கடி வரும் காயம்தான் என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை, கட்டு, மாதக்கணக்கில் பயிற்சி இல்லை. இப்போதும் மார்கழிக் காலையில் சட்டைப் பொத்தானை இடக்கையால்தான் போடுகிறேன்.

வளையும் பலகையில் எதிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. மணிக்கட்டு ஒரு நூல் கோணினாலும் உடனே தெரிந்துவிடும். சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகளும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்கக் கற்பதற்குத்தான் முதலில் அந்தக் கம்பம். கை கெட்டிப்படுவது கூடவே வரும் வரவு. சுவரோ வாங்கியதைத் தொட்ட கணத்திலேயே முழுசாகத் திருப்பித் தந்துவிடுகிறது. அதை வாங்கிக்கொள்ள முட்டியைத் தவிர வேறு ஆள் கிடையாது.

"சுமை ஏற ஏற எலும்பு கெட்டிப்படும் என்று படித்தேனே" என்று பையன் கேட்டான். உண்மைதான். ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதியது அதைத்தான். ஆனால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள மாதங்கள் பிடிக்கும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது, தேய்ந்தால் தேய்ந்ததுதான். தினம் 200 குத்தை அது எங்கே போய்ச் சொல்லும்?

குத்துவதற்கு முன்னால் முஷ்டியைப் பலகையில் வைத்து உடம்பைச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு அங்குலமாவது பின்னால் போகவில்லையென்றால் அதில் குத்தாதீர்கள். தச்சரிடம் முடிச்சில்லாத, ரேகை நேராக ஓடும் மரமாகக் கேளுங்கள். என் பலகையை இழைத்தவர் பாதி வேலையில் நிமிர்ந்து, "இது என்ன சார், துடுப்பா?" என்று கேட்டார். பலகை சரியாக வருகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. கைக்குப் பத்துக் குத்து, பாதி விசையில், வாரத்தில் மூன்று நாள். தொடக்கத்துக்கு அது போதும்.

பாசிப்பயறைத் தாண்டிக் குதிப்பது

சீனத்தின் இரும்பு உள்ளங்கைப் பயிற்சியில் துணிப்பையை அறைந்து பழகுவார்கள். பைக்குள் முதலில் பாசிப்பயறு, அப்புறம் சரளைக்கல், கடைசியில்தான் இரும்புக் குண்டு. பயறு பொடிந்து மாவாகும் வரை அறைவதற்குப் பொறுமை வேண்டும். நம் ஆட்கள் நேராக ஆற்று மணலுக்கோ இரும்புக்கோ போய்விடுகிறார்கள். அடுக்களைப் பயறைக் கேட்டால் அம்மா திட்டுவார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காய்ப்பைக் கொண்டாடுவது

தடித்த காய்ப்பு கிழியும்போது அடித்தோலையும் சேர்த்துக்கொண்டு போகும். குளித்ததும் படிக்கல்லில் தேய்த்துவிடுங்கள்.

உப்புநீரை நம்புவது

1919இல் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஜாக் டெம்ப்சி முகத்தையும் கையையும் உப்புநீரில் ஊறவைத்துவந்தார் என்பது பிரசித்தம். உப்புநீர் தோலோடு நின்றுவிடும், எலும்புக்குப் போகாது. அதோடு, டெம்ப்சி மேடையேறியது கையில் துணி சுற்றி, கையுறை போட்டுக்கொண்டு.

பல் பட்ட காயத்தை அலட்சியம் செய்வது

ஜோடிப் பயிற்சியில் எதிராளியின் பல் முட்டியில் பதிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மடங்கிய கையில் பல் துளைக்கிறது. கையை விரித்ததும் உள்ளடுக்குகள் நகர்ந்து துளை மூடிக்கொள்கிறது. வாயிலிருந்த கிருமி மூட்டுக்குள் அடைபட்டுவிடுகிறது. பார்க்க எறும்புக்கடி அளவுதான் இருக்கும். சீழ் பிடித்து விரல் மடங்காமலே போனவர்கள் உண்டு.

18 வயதுக்குக் கீழே

வேண்டாம்.

அந்தப் பையனின் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். நான் நினைத்தபடியே பலகை சுவரில்தான் இருந்தது. இருவரும் சேர்ந்து கழற்றினோம். நான்கு ஆணிகளும் வளையாமல் வந்துவிட்டன. அவன் அப்பா அவற்றை எண்ணி வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டார்.